வண்டி கைக்கு வந்தாச்சு... பேருக்கு வரலை!

வீட்டில் ஒருவர் பி.காம். படித்திருந்தால் போதும். பிரிட்ஜ் வாங்குவதா, சீட்டு சேருவதா, அடகு நகையை மீட்பதா... எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "அவருக்குக் கணக்கு தெரியும்" என்பார்கள். அந்தக் கணக்குப் புலியின் சொந்தப் பர்ஸில் மாசக் கடைசியில் பஸ் டிக்கெட்டும் மளிகைக் கடை ரசீதும்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

அப்படித்தான் போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாம்பார் கரண்டியோடு வீட்டில் உத்தரவு வந்தது. "நாளைக்குத் தம்பிக்கு ஒரு வண்டி பார்த்துக் கொடுங்க."

தம்பி என்றால் என் மச்சான். வயசு இருபத்து நாலு. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வேலை வில்லியனூரில், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவது. தினமும் காலையில் கடலூரில் ஒரு பஸ், புதுச்சேரியில் இறங்கி இன்னொரு பஸ். முதல் பஸ் வந்தால் ரெண்டாவது வராது. ரெண்டாவது வந்தால் அதில் கால் வைக்க இடமிருக்காது. மூணு தடவை லேட்டாகப் போனால் அரை நாள் சம்பளம் கட். பையனுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. மூணு மாசத்தில் முடிவு. "கணக்கு நல்லா எழுதறே, கடிகாரம்தான் சரியில்லை" என்று மேனேஜர் சொல்லியாகிவிட்டது.

கையில் பட்ஜெட் நாற்பத்தைந்தாயிரம். புது வண்டி ஷோரூம் பக்கம் போனால் அந்தப் பணத்துக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே செகண்ட் ஹேண்ட்.

"மாமா, பாண்டியில வாங்கிடலாம். அங்க எல்லாமே சீப்பு!"

கடலூர்க்காரர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை பரம்பரையாக உண்டு. பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. மற்ற திரவம் பற்றி நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. புது வண்டிக்கு வரியும் குறைச்சல். அதனால் பழைய வண்டியும் குறைச்சலாகத்தான் இருக்கும் என்பது மச்சானின் வாதம்.

என் பழைய ஸ்கூட்டரில் ரெண்டு பேரும் கிளம்பினோம்.

* * *

எங்கள் ஊர்ப் பக்கம் சொத்து வாங்கிய கதைகளில் தலைசிறந்தது 1690ல் நடந்தது. இங்கிலீஷ் கம்பெனிக்காரர்கள் கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். "கோட்டை சரி, சுத்தி எவ்வளவு நிலம்?" என்று கேள்வி வந்தது. பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் என்று ஒப்பந்தம். வெள்ளைக்காரன் லேசுப்பட்டவனா? நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து கொண்டுவந்து நாலாபக்கமும் சுட்டான். குண்டு விழுந்த ஊரெல்லாம் அவனுக்கு. அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பேர்.

பேரம் என்றால் அது பேரம்! நானும் மச்சானும் அந்த மண்ணிலிருந்துதான் கிளம்பியிருக்கிறோம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடை வந்தால் புதுச்சேரி எல்லை. கன்னியக்கோயிலில் இடப்பக்கம் திரும்பினால் பாகூர் ரோடு. அதற்கப்புறம் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைக் கடை போர்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கிற ஊர் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே நாலு கிராமம், அங்கே நாலு கிராமம் என்று வாங்கிச் சேர்த்தது. நடுவில் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு. சில இடங்களில் வரப்பின் இந்தப் பக்கம் நாற்று பிடுங்கி அந்தப் பக்கம் நட்டால் மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றுமதி!

இங்கே கிராமப் பஞ்சாயத்துகளைச் சேர்த்துக் கட்டி ஆளும் அமைப்புக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்று பேர். பிரெஞ்சுக்காரன் கட்டிலையும் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போனபோது விட்டுவிட்டுப் போன சொல். பாகூர் ஒரு கொம்யூன், வில்லியனூர் இன்னொரு கொம்யூன்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியின் பெரிய ஏரி இங்கேதான். 1752ல் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இந்த வயல்களில்தான் சண்டை போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் தோற்றான். இன்றைக்கு அந்த வயலில் கொக்குகள் மட்டும் அணிவகுத்து நிற்கின்றன. அதுவும் டிராக்டருக்குப் பின்னால், புழு பொறுக்க.

தெரிந்தவர் சொல்லிவிட்ட வீடு. வாசலில் வேப்ப மரம். மரத்தடியில் வண்டி. கறுப்பு ஸ்ப்ளெண்டர். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர்.

"வாங்க தம்பி, உக்காருங்க. மோர் குடிச்சிட்டு வண்டியப் பாருங்க. வண்டி எங்க ஓடிடப் போவுது?"

நான் நிபுணன் மாதிரி எழுந்து வண்டியைச் சுற்றி வந்தேன். மச்சானோ நின்ற இடத்திலேயே காதலில் விழுந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தாலே விலை ரெண்டாயிரம் ஏறிவிடும். அவனைக் கொல்லைப் பக்கம் கன்றுக்குட்டி பார்க்க அனுப்பினேன்.

நல்ல வண்டி. இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இது முக்கியம். நாம் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் முரண்டு பிடிக்கிற வண்டி என்று அர்த்தம். இது இரண்டாவது உதையில் கிளம்பியது. நீலப் புகை இல்லை. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று பொருள். மீட்டரில் காட்டுகிற கிலோ மீட்டருக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் தேய்மானத்துக்கும் சண்டை இல்லை. இரண்டில் பொய் சொல்லத் தெரியாதது ரப்பர்தான். ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில் ஒரு பக்கமாக இழுக்கவில்லை.

"விலை?"

"முப்பத்தாறு சொன்னேன். பாத்துக் குடுங்க."

"ஆர்.சி. புக்?"

பெரியவர் உள்ளே போய் ஒரு துணிக்கடைப் பையை எடுத்துவந்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆர்.சி. பேரைப் படித்தேன்.

"ஐயா, இது உங்க பேரா?"

"இல்ல தம்பி. இவுரு வில்லியனூர்க்காரரு. புரோக்கர் மூலமா வாங்கினேன். ஏழு வருஷமா நான்தான் ஓட்டறேன். இன்சூரன்ஸ் தவறாம கட்டறேன். வேணும்னா பாருங்க, அவுரு கையெழுத்துப் போட்ட பாரம்கூட இருக்குது."

இருந்தது. விற்பவர் கையெழுத்து மட்டும் போட்ட படிவம் 29. வாங்குபவர் பேர், தேதி எல்லாம் காலி. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளேரென்று இருந்தது.

"அவரை ஒருதரம் பாக்கலாமா?"

பெரியவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அவுரு தவறி மூணு வருஷம் ஆவுது தம்பி."

* * *

"பேர்ல என்ன மாமா இருக்கு? வண்டி சூப்பரா இருக்கு. பெரியவர் நல்லவர். காசைக் குடுத்துட்டு ஓட்டிட்டுப் போயிடலாம். நாளைக்கே ஒம்பது மணிக்கு ஆபீஸ்ல இருப்பேன்."

கன்றுக்குட்டியிடமிருந்து திரும்பி வந்த மச்சானின் வாதம் இது. நம்மில் முக்கால்வாசிப் பேர் வாதமும் இதுதான். உங்கள் ஆபீஸ் ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகளில் எத்தனை வண்டி ஓட்டுகிறவர் பேரில் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

பேரில் என்ன இருக்கிறது என்பதற்குச் சுப்ரீம் கோர்ட் 2018ல் பதில் சொல்லியிருக்கிறது. ஒரு கார். ஒருவர் விற்றார், வாங்கினவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் வேறொருவருக்கு. ஒருவரும் பேர் மாற்றவில்லை. 2009ல் விபத்து. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு என்று தீர்ப்பு. அதாவது, வண்டியை விற்று, காசை வாங்கி, அந்தக் காசைச் செலவழித்தே மறந்துபோனவர்!

இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "அப்ப நான் எங்கனா இடிச்சிருந்தா அந்த மனுஷன் வீட்டுக்கா நோட்டீஸ் போயிருக்கும்? ஏழு வருஷமா..." என்று நிறுத்தினார். அதற்குமேல் அவர் விலை பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. நம்பர் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். மச்சான் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மௌனவிரதம் ஆரம்பித்தான்.

அதைக் கலைக்க, பக்கத்திலேயே இருந்த மூலநாதர் கோயிலுக்குள் ஸ்கூட்டரை விட்டேன். (வாசல் வரைக்கும்தான்!) சோழர் காலத்துக் கற்றளி. சுவரெல்லாம் கல்வெட்டு. ராஷ்டிரகூட ராஜா கன்னரதேவன் காலத்துக் கல்வெட்டுகூட இருக்கிறது. யார் என்ன கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று சுவர் முழுக்கப் பேர்கள்.

இதற்கெல்லாம் மூத்தது பாகூர்ச் செப்பேடு. ஒன்பதாம் நூற்றாண்டு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டு. பாகூரில் அப்போது ஒரு பெரிய வித்யாஸ்தானம், அதாவது கல்லூரி, இருந்தது. அதற்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூணு கிராமங்களைத் தானமாக எழுதிவைத்தார்கள். கேட்டுக்கொண்டவன் நிலைதாங்கி என்கிற சிற்றரசன். ராஜா வாயால் "கொடுத்தேன்" என்றால் முடிந்துபோகிற காரியம்தானே? இல்லை. ஐந்து செப்புத் தகடு. சமஸ்கிருதத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம். கொடுத்தவர் பேர், கேட்டவர் பேர், பெற்றவர் பேர், ஊர்களின் எல்லை. எல்லாம் எழுதி வளையத்தில் கோத்து முத்திரை வைத்திருக்கிறார்கள்.

"பார்த்தியாடா? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஊர்ல ஆர்.சி. புக் இருந்திருக்கு. அதுவும் தாமிரத்தில. லாமினேஷன் செலவு மிச்சம்!"

மச்சான் சிரித்துவிட்டான். விரதம் கலைந்தது.

* * *

பாகூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம், மங்கலம் வழியாக வில்லியனூருக்கு ரோடு போகிறது. கரும்பு, நெல், நடுநடுவே ஒயின்ஷாப், மறுபடி கரும்பு.

வில்லியனூர் பழைய ஊர். திருக்காமீசுவரர் கோயில் தேர் பேர்போனது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். கொடி மாறினாலும் வழக்கம் மாறவில்லை. இப்போது துணைநிலை கவர்னர் வருகிறார். அந்தப் பக்கம் லூர்து மாதா கோயில். குயவர் வீதிகளில் சுடுமண் பொம்மைகள். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அதாவது பொம்மைக்குக்கூடச் சொந்த ஊர் எது என்று பேப்பர் இருக்கிறது!

மச்சானுக்குத் தெரிந்த மெக்கானிக் கடைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமையிலும் கூட்டம். நடுவில் ஒரு பழைய புல்லட். அதைச் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தார் ஒரு பிரெஞ்சு இளைஞர். காவி வேட்டி, கழுத்தில் ருத்ராட்சம், காலில் ஹவாய்ச் செருப்பு. நம்மூர் பையன்கள் ஜீன்ஸில், அவர் வேட்டியில்! புல்லட்டில் ஏறி இமயமலை வரைக்கும் போகவேண்டும் என்பது அவர் லட்சியம்.

புல்லட் மேல் வெளிநாட்டுக்காரர்களுக்கு இருக்கிற பித்து நியாயமானதுதான். இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955ல் சென்னையில் ராயல் என்ஃபீல்டுக்கு ஒரு கம்பெனி ஆரம்பித்துத் திருவொற்றியூரில் செய்யத் தொடங்கினார்கள். தாய்வீட்டில் கடையை மூடின பிறகும் மருமகள் வீட்டில் உற்பத்தி நடந்துகொண்டே இருந்தது. பழைய புல்லட்டில் கியர் வலது கால் பக்கம், பிரேக் இடது கால் பக்கம். நம்மைப்போன்ற ஸ்ப்ளெண்டர் ஜாதி அதில் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்போம். அப்புறம் கடவுள் விட்ட வழி.

மெக்கானிக் ஒரு டார்ச்சை அடித்து வண்டியின் கழுத்தைக் காட்டினார். "சார், இங்க பாருங்க. சேசிஸ் நம்பர். ஒரு பேப்பர வெச்சுப் பென்சிலால தேய்ச்சா அப்படியே அச்சு விழும். ஆர்.சி.யில இருக்கற நம்பரோட ஒத்துப்போவணும். ஒத்துப்போவல. நாலு நம்பர் ராவியிருக்குது."

பிரெஞ்சு இளைஞர், "அண்ணா... லெட்டர் இருக்கு" என்றார் மழலைத் தமிழில். விற்றவன் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த கடிதம். 'இந்த வண்டியை இவருக்கு விற்றுவிட்டேன்' என்று ஒரு கையெழுத்து. விலாசம் இல்லை. ஆர்.சி.யோ வேற்று மாநிலம், வேற்று ஆள்.

"அட்வான்ஸ் குடுத்துட்டியா தம்பி?"

"கொஞ்சம்."

"கொஞ்சத்தோட தப்பிச்சே. போலீஸ் புடிச்சா இந்த லெட்டர்ல வடைதான் மடிக்கலாம்."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் மேலே, ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தேன்.

பிறகு மெக்கானிக் எங்கள் விவகாரத்தையும் கேட்டுவிட்டு ஒரு குண்டு போட்டார். "சார், பாண்டி வண்டி சீப்புன்னு எல்லாரும் வர்றீங்க. வாங்கறவரு கடலூர்க்காரரு. அப்ப இங்கேருந்து என்.ஓ.சி. வாங்கணும். கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தமிழ்நாட்டு வரி கட்டணும். புது நம்பர் வாங்கணும். அதையும் சேத்துக் கணக்குப் போடுங்க. அப்பவும் கட்டுப்படியானாத்தான் வாங்குங்க."

பி.காம். படித்தவன் நான். இதை யோசிக்கவில்லை. ஒரு மாநிலத்து வண்டியைப் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்கியாக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. பி.ஒய். என்று ஆரம்பிக்கிற நம்பரோடு கடலூரில் காலம் தள்ளுகிறவர்கள் இதை ராத்திரி தூங்கும்போது ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

* * *

செவ்வாய்க்கிழமை மச்சான் ஆபீஸ் போய்விட்டான். (லேட்.) எனக்கு ஆபீஸ் கிடையாது. பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்குத் தினமும் ஞாயிற்றுக்கிழமை. சம்பளமும் அதற்குத் தக்கபடிதான். வில்லியனூரிலிருந்து மேற்கே விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு. செவ்வாய்தோறும் மாட்டுச் சந்தை. பழைய வண்டி வாங்குவதன் சூட்சுமம் மாட்டுச் சந்தையில்தான் இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம். விடியற்காலையிலேயே போனேன்.

சாணி வாசனை, டீ வாசனை, மணிச் சத்தம். துண்டுக்கடியில் ரெண்டு கைகள். விரலைப் பிடித்தால் ஒரு விலை, மடக்கினால் இன்னொரு விலை. வெளியில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முகத்திலோ உலகத்தையே துறந்த பாவனை. இந்தத் தொழில்நுட்பத்தை என் மச்சானுக்கு யாராவது சொல்லித்தரக் கூடாதா?

வாங்க வந்தவர் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று வயசைக் கணக்கிட. அப்புறம் சுழி பார்த்தார். கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்த்தார். எல்லாம் நாங்கள் ஸ்ப்ளெண்டருக்குச் செய்ததுதான். பேரம் படிந்தது. விற்றவர் கயிற்றை வாங்கினவர் கையில் கொடுத்தார். மாடு ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் புது முதலாளியோடு நடந்தது. பேர் மாற்றம் முடிந்தது.

ஒரு வயதான தரகரிடம் டீ வாங்கிக் கொடுத்து எங்கள் கதையைச் சொன்னேன்.

"மாட்டுக்குக் கவுறுதான் சார் பத்திரம். அது ஊடு மாறினா பால் எங்க கறக்கறோம்னு ஊருக்கே தெரியும். உங்க வண்டி அப்டியா? எங்க வேணா போவும், எவன் வேணா ஏறுவான். அதுக்குக் கவுறு அந்தப் பொஸ்தகம்தான். கவுறு ஒருத்தன் கையில, மாடு ஒருத்தன் கையில இருந்தா முட்டுனா யாரைக் கேக்கறது?"

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை ஒரு கிளாஸ் டீயில் முடித்துவிட்டார் மனிதர்.

திரும்பும் வழியில் கீழூருக்கு வண்டியை விட்டேன். வில்லியனூர் கொம்யூனில் ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு நினைவு மண்டபம். 1954 அக்டோபர் 18 அன்று இங்கேதான் புதுச்சேரியின் தலைவிதிக்கு ஓட்டெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர். இந்தியாவோடு சேரலாம் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது.

கதை முடிந்ததா? இல்லை. அது டி ஃபாக்டோ, அதாவது நடைமுறைப்படி. வண்டி கைக்கு வந்தாச்சு. பேப்பர்? 1956 மே மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனது. அதைப் பிரான்ஸ் நாடாளுமன்றம் ஏற்று, டி ஜூரே, அதாவது சட்டப்படி, கைமாறியது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. கிட்டத்தட்ட எட்டு வருஷம் புதுச்சேரி இந்தியாவிடம் ஓடிக்கொண்டிருந்தது, ஆர்.சி. மட்டும் பிரான்ஸ் பேரில்!

அந்த ஒப்பந்தத்தில் இன்னொன்று. இங்கே பிறந்து இங்கேயே இருக்கிற பிரெஞ்சுக் குடிமக்கள், ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்தவர்கள் குடும்பங்களில் பேரன் பேத்திகள் இன்றைக்குப் பாரிசில் இருக்கிறார்கள். எழுதாதவர்கள் குடும்பங்களில் பாகூர் ஏரிக்கரையில். எது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு காகிதம், ஒரு கையெழுத்து, ஆறு மாசக் கெடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. பாகூர்ப் பெரியவர்.

"தம்பி, அன்னைக்கு நீங்க போனதுலேருந்து தூக்கம் வரல. அந்த மனுஷன் வீட்டைக் கண்டுபுடிச்சிட்டேன். வில்லியனூர்தான். சம்சாரம் இருக்குது, பசங்க ரெண்டு பேரு. நீங்க வண்டிய வாங்கறீங்களோ இல்லியோ, கூட வந்து அந்தப் பேப்பரைப் பத்திச் சொல்லுங்க."

* * *

அடுத்த ஞாயிறு பெரியவர் அந்த ஸ்ப்ளெண்டரிலேயே வந்தார். சின்ன ஓட்டு வீடு. வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஒரு அம்மா வெளியில் வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார். கிட்டே வந்து டேங்க்கின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன நெளிசலைத் தொட்டார்.

"இது பெரியவன் சைக்கிளால மோதினது" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பேருக்கு மாற்றுவதற்குத் தனிப் படிவம், 31. மூணு மாசத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். இப்போது அபராதத்தோடு கொடுக்கலாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அப்புறம்தான் அவர் எங்களுக்கு விற்க முடியும்.

பிள்ளைகள் சரி என்றார்கள். அந்த அம்மா மட்டும் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரேஷன் கார்டுல எடுத்துட்டாங்க. ஓட்டர் லிஸ்ட்ல எடுத்துட்டாங்க. பாங்க் புஸ்தகத்தையும் மாத்தியாச்சு. அவுரு பேரு இருக்கற பேப்பர் இது ஒண்ணுதான் பாக்கி. இதுலயும் அடிச்சிடுவீங்களா?"

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்ட என் மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பி.காம். படிப்பில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள். பெறுபவர் கணக்கில் பற்று வை, தருபவர் கணக்கில் வரவு வை. இந்த அம்மா தருவதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பெரியவர்தான் மெதுவாகப் பேசினார். "தாயி, நான் எங்கனா மோதியிருந்தா அந்தப் பேரு கோர்ட்ல ஏறியிருக்கும். அதுக்காவத்தான் வந்தேன்."

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சின்னவனைக் கூப்பிட்டார். "போயி இத ரெண்டு ஜெராக்ஸ் எடுத்தா. கலர்ல எடு." ஜெராக்ஸ் வந்ததும் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

* * *

இனி கணக்கு. வண்டி விலை முப்பத்து நாலாயிரம். ஏழு வருஷத்துக்கு முன்பே அந்த வீட்டுக்கு முழுப் பணமும் போயாயிற்று என்பதால் இது பெரியவருக்கு. அவரோ அதில் ரெண்டாயிரத்தை எடுத்து அந்த அம்மாவிடம் "அலைச்சல் காசு" என்று கொடுத்தார். அபராதம், என்.ஓ.சி., தமிழ்நாட்டு வரி, புது நம்பர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துக் காகிதச் செலவு ஏழாயிரத்துச் சொச்சம். பின் டயர் ஒன்று. ஆக, பாண்டி சீப்பு என்று கிளம்பியவன் கடலூரிலேயே வாங்கியிருந்தாலும் ஏறக்குறைய இதே விலைதான். வித்தியாசம், பாகூரையும் வில்லியனூரையும் பார்த்திருக்கமாட்டோம்.

இதெல்லாம் முடிய மூணு மாசம் ஆனது. அதுவரைக்கும் வண்டி என் வீட்டு வாசலில் பழைய போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. மச்சான் அலாரம் வைத்து, ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கப் பழகினான். சீக்கிரமே போய் ஆபீஸ் கதவு திறக்கக் காத்திருந்தான். மேனேஜர் அசந்துபோய் வேலையை நிரந்தரம் ஆக்கினார். அது நடந்து பத்து நாள் கழித்துத்தான் மச்சான் பேரில் ஆர்.சி. வந்தது. எந்த வண்டியால் வேலை நிலைக்கும் என்று நினைத்தோமோ, அந்த வண்டி இல்லாமலே நிலைத்துவிட்டது.

அந்த மூணு மாசமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தவறாமல் வருவான். போர்வையை எடுப்பான். துடைப்பான். கிளப்புவான். உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்வான். அப்புறம் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துப் பரிதாபமாகக் கேட்பான்.

"மாமா... டி ஃபாக்டோவா ஒரே ஒரு ரவுண்டு?"

"டி ஜூரே வரட்டும்டா!" என்பேன்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வரும். "என்னங்க அது, என் தம்பியை என்னமோ பாஷையில திட்டறீங்க?"